வீட்டு ஸ்டீரியோவில் வால்வு ப்ரீஆம்ப்: புதிதாக வாங்குபவர்களுக்கு

பாட்டு சிக்னலைக் கண்ணாடிக் குழாய் வால்வால் (வேக்யூம் டியூப்) பெருக்கிக் கொடுக்கும் பெட்டிதான் வால்வு ப்ரீஆம்ப். அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த வால்வு நல்லது என்பதைத்தான். ரஷ்ய வால்வா, சீன வால்வா, தேடிப்பிடித்த பழைய ஹாலந்து சரக்கா? அதையெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்து வீடுகளில் ஒரு வால்வு ப்ரீஆம்ப் சுத்தமாகப் பாடுமா, பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே இருக்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது சுவரில் இருக்கும் பிளக் பாயிண்ட்தான். எர்த்தும் வோல்டேஜும் ஒழுங்காக இருந்தால் சாதாரண வால்வே போதும். இரண்டும் கெட்டுக்கிடக்கும் இடத்தில் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய வால்வும் முனகத்தான் செய்யும். அதனால் இங்கே வால்வைவிட ஒயரைப் பற்றித்தான் பேச்சு அதிகமாக இருக்கும்.

வால்வு இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று ஜி.டி. நாயுடு 1941இல் அறிவித்தது கோவையிலிருந்துதான். பிற்பாடு மாரியம்மன் நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் கட்டியவர்களின் ஆம்ப்ளிஃபையர்களும் வெகுகாலம் வால்வில்தான் ஓடின. உங்கள் ஊரில் அந்தக் காலத்து மைக் செட்காரர் யாராவது இருந்தால் பழகி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

முதலில், இது உங்களுக்கு வேண்டுமா?

சிடி பிளேயர், டிஏசி (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி), ரெக்கார்டு பிளேயர் என்று பல இடங்களிலிருந்து வரும் சிக்னலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தேவையான அளவு பெருக்கி, வால்யூம் வைத்து, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்புக்கு அனுப்புவது ப்ரீஆம்ப்பின் வேலை. அது ஸ்பீக்கரை நேராக ஓட்டாது. ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைப்பதும் இல்லை. “இதை மாட்டினால் சத்தம் கூடுமா?” என்று கேட்டால், கூடாது என்பதுதான் பதில். பவர் ஆம்ப் எத்தனை வாட்டோ அத்தனைதான். மாறுவது குரலின் தன்மை. வால்வு சேர்க்கும் இரண்டாம் ஹார்மோனிக் (சுரத்தின் இரு மடங்கு அதிர்வெண்ணில் வரும் துணை ஒலி) காதுக்கு இதமாக இருக்கும். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்கு மந்தமாகத் தோன்றும். முடிந்தால் நண்பர் வீட்டில் ஒரு மாலை கேட்டுவிட்டுக் காசை எடுங்கள்.

அப்புறம் உங்களிடம் இருக்கும் ஆம்ப்பின் பின்பக்கத்தைப் பாருங்கள். வால்யூம் இல்லாத தனி பவர் ஆம்ப் என்றால் பிரச்சினையே இல்லை. ப்ரீஆம்ப்பும் பவர் ஆம்ப்பும் ஒரே பெட்டியில் இருக்கும் இன்டக்ரேட்டட் ஆம்ப்பாக இருந்து, பின்னால் ‘ப்ரீ அவுட்’, ‘மெயின் இன்’ என்று இரண்டு ஜோடி இருந்து, அவற்றை வளைந்த கம்பியால் இணைத்திருந்தால், அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு ‘மெயின் இன்’னில் உங்கள் ப்ரீஆம்ப்பைக் கொடுக்கலாம். கம்பியைத் தொலைத்துவிடாதீர்கள், பழைய நிலைக்குத் திரும்ப அதுதான் வேண்டும். வெறும் ஆக்ஸ் இன்புட் மட்டும் இருந்தாலும் ஓடும். ஆனால் அப்போது இரண்டு ப்ரீஆம்ப் வரிசையாக நிற்கும், இரண்டு வால்யூம் இருக்கும். ஆம்ப்பின் வால்யூமைப் பாதியில் நிறுத்திவிட்டு, தினப்படிக்கு வால்வு ப்ரீஆம்ப்பின் வால்யூமை மட்டும் தொடுவது நல்ல பழக்கம். ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஆக்டிவ் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் நேராக அதன் இன்புட்டில் கொடுத்துவிடலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதல் கேள்வி வோல்டேஜ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பெட்டி 120 வோல்ட்டுக்கானது, ஜப்பான் சரக்கு 100 வோல்ட். பின்னால் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மாட்டவே கூடாது. ஒரு நொடியில் புகை வந்துவிடும்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 6ஜே1 வால்வு போர்டுகளில் வேறொரு பொறி இருக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு 12 வோல்ட் ஏசி அடாப்டர் வேண்டும். வீட்டில் கிடக்கும் வைஃபை ரவுட்டர் அடாப்டரும் 12 வோல்ட்தானே என்று மாட்டுகிறார்கள். அது டிசி. வால்வு மினுக்கென்று எரியும், பாட்டு வராது. அடாப்டரின் முதுகில் அவுட்புட் ஏசியா டிசியா என்று படித்துவிட்டு மாட்டுங்கள். இந்தக் குட்டிப் போர்டுகள் பழகிப்பார்க்க நல்லவைதான். ஆனால் வால்வுக்குக் குறைந்த வோல்டேஜே கொடுத்து ஓட்டுவதால், வால்வின் முழுக் குணத்தையும் அவற்றில் எதிர்பார்க்க வேண்டாம். பல போர்டுகளில் வால்வுக்கு அடியில் ஒரு எல்இடி வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். அது வெறும் அலங்காரம்.

அடுத்தது பெருக்கம். ஒரு சிடி பிளேயர் அதிகபட்சமாக 2 வோல்ட் தரும். பெரும்பாலான பவர் ஆம்ப்புகள் ஒன்று, ஒன்றரை வோல்ட்டிலேயே முழு பவரைத் தொட்டுவிடும். அப்படியிருக்க, 20 டெசிபெல், அதாவது பத்து மடங்கு பெருக்கும் ப்ரீஆம்ப்பை நடுவில் வைத்தால் என்ன ஆகும்? வால்யூமைக் கொஞ்சம் திருப்பியதுமே வீடு அதிரும். அதற்கும் கீழே வைத்தால் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் பாடும், ஏனென்றால் வால்யூம் கண்ட்ரோல்களில் அடிப்பகுதியில் இடதும் வலதும் சமமாக இருக்காது. சிடியும் டிஏசியும் மட்டுமே கேட்பவர்களுக்கு 6 முதல் 12 டெசிபெல் தாராளம்.

இன்னொன்று, பவர் ஆம்ப்பின் இன்புட் இம்பிடன்ஸ், அதாவது உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை. ப்ரீஆம்ப்பின் அவுட்புட் இம்பிடன்ஸைவிட அது பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. இப்போது கிடைக்கும் சில டிஜிட்டல் ஆம்ப் போர்டுகளில் அது 10 கிலோ ஓம்தான். ப்ரீஆம்ப்பின் வெளிவாசலில் 0.47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருந்தால், 10 கிலோ ஓமில் 34 ஹெர்ட்ஸுக்குக் கீழே தவில் சத்தம் கரைய ஆரம்பிக்கும். அதே கெபாசிட்டர் 47 கிலோ ஓமில் 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். வால்வு போட்டதும் பேஸ் காணாமல் போய்விட்டது என்று புலம்புகிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். வால்வைக் குறை சொல்லிப் பயனில்லை.

எர்த்தும் கரண்டும்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ப்ரீஆம்ப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே ஒரு எலக்ட்ரீசியனை வரச்சொல்லுங்கள்.

செட் வைக்கப்போகும் மூன்று பின் பாயிண்ட்டில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230ஐ ஒட்டி வர வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவிலும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஓரிரு வோல்ட் வரலாம். அது பத்து, இருபது என்று போனால் எர்த் சரியில்லை. மீட்டர் மட்டும் முழு உண்மையைச் சொல்லாது. பெயருக்கு மட்டும் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் எர்த்திலும் மீட்டர் 230 காட்டிவிடும். அதனால்தான் அனுபவமுள்ள ஒயர்மேன்கள் 100 வாட் குண்டு பல்பு வைத்துச் சோதிப்பார்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் பல்பு பளிச்சென்று எரிந்தால் எர்த் உயிரோடு இருக்கிறது. மங்கினால் இல்லை. இது அவர் செய்ய வேண்டிய வேலை, நீங்கள் செய்ய வேண்டாம். வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் சுவிட்ச்) இருந்தால் பல்பு வைத்ததும் டிரிப் ஆகும், அது வேறு.

எல்லா அளவும் சரியாக வந்து, நியூட்ரல்–எர்த் சுத்தமாகப் பூஜ்யம் காட்டினாலும் பாயிண்ட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் பின்னையும் நியூட்ரலையும் உள்ளேயே ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்ட வீடுகள் உண்டு. நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், உங்கள் ப்ரீஆம்ப்பின் இரும்புப் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும்.

தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) செட் வைப்பவர்கள் எர்த் குழியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். கரியும் உப்பும் போட்டுப் பதித்த குழி, பங்குனி சித்திரையில் மண் காய்ந்து வெடித்ததும் வேலை செய்வதை நிறுத்திவிடும். வெயில் காலத்தில் வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினாலே ‘ம்ம்ம்’ குறைந்த வீடுகள் இருக்கின்றன. தென்னைக்குப் பாயும் சொட்டுநீர்க் குழாயில் ஒரு கிளையை அங்கே விட்டுவிட்டால் அந்த வேலையும் மிச்சம்.

அப்புறம் வோல்டேஜ். வால்வை உள்ளிருந்து சூடாக்கும் ஹீட்டர் கம்பிக்குப் பெரும்பாலும் 6.3 வோல்ட் வேண்டும், பத்து சதவீதம் ஏறலாம், இறங்கலாம். ஹீட்டருக்குத் தனி ரெகுலேட்டர் இல்லாத பெட்டியில் சுவரில் 253 வந்தால் ஹீட்டரில் 6.9 ஆகிவிடும், அதுதான் எல்லை. சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிகள் ஒரே நேரத்தில் நின்றதும் வோல்டேஜ் ஏறுவதும், மூன்று ஃபேஸ் வந்து சுற்றுவட்டாரத்து மோட்டார்களெல்லாம் ஓடத் தொடங்கியதும் 190க்கு இறங்குவதும் அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்த கதை. 190இல் ஹீட்டர் 5.2தான், பாட்டு சோர்ந்துவிடும். இப்படி ஏறி இறங்கும் ஊர் என்றால் ஒரு ஸ்டெபிலைசர் போடுங்கள். ரிலே ஸ்டெபிலைசர் ஒவ்வொரு முறை மாறும்போதும் ஸ்பீக்கரில் ‘டக்’ என்று கேட்கும். செர்வோ வகையில் அந்தத் தொல்லை குறைவு, விலை அதிகம்.

இன்வெர்ட்டர் சைன் வேவ் என்றால் கவலையில்லை. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் டிரான்ஸ்ஃபார்மரே ‘கிர்ர்’ என்று கத்தும், பாட்டிலும் அது ஏறும். கரண்ட் போன நேரத்தில் பாட்டை நிறுத்திவிடுவதே மேல்.

எங்கே வைப்பது

காற்றோட்டமான இடம். மேலே ஒரு சாண் இடைவெளி. கண்ணாடி ஷோகேஸுக்குள் மூடிவைப்பதற்கு ஆகாது. ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) செட் வைத்திருப்பவர்கள் ஸ்பீக்கர் பெட்டியின் தலைமேல் வைக்காதீர்கள். வால்வு அதிர்வை வாங்கிப் பாட்டிலேயே திருப்பிக் கொடுக்கும். பவர் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மர், வைஃபை ரவுட்டர், செல்போன் சார்ஜர் எல்லாம் இரண்டடியாவது தள்ளி இருக்கட்டும். தறிக்குடோன் ஒட்டிய வீடுகளில் பஞ்சுத் தூசி வால்வு சாக்கெட்டில் படியும். அணைத்து முழுக்க ஆறியபின் மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடலாம். வெதுவெதுப்புக்குப் பல்லி வந்து உள்ளே படுக்கும் என்பதால், அடித்தட்டின் ஓட்டைகளைச் சன்னமான வலை வைத்து மூடிவிடுங்கள். காற்றுக்குத் தடையாகிவிடக் கூடாது.

வால்வை மாட்டுவது

சில பெட்டிகளில் வால்வு தனியாகப் பொதிந்து வரும். பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டுத்தான் தொட வேண்டும். 12ஏஎக்ஸ்7 மாதிரிச் சிறு வால்வுகளுக்கு ஒன்பது பின். வட்டத்தில் ஓரிடத்தில் மட்டும் இடைவெளி அதிகமாக இருக்கும், சாக்கெட்டிலும் அப்படியே. இரண்டையும் பொருத்தி, கண்ணாடியின் அடிப்பகுதியைப் பிடித்து, நேராக மெதுவாக அழுத்துங்கள். கழற்றும்போது லேசாக அசைத்து மேலே இழுக்க வேண்டும், திருகக் கூடாது. மேல்நுனியில் கண்ணாடி முடிச்சு மாதிரி இருப்பது காற்றை உறிஞ்சி அடைத்த இடம், அங்கே அழுத்தினால் உடையும். எழுத்துகள் துடைத்தால் அழிந்துபோகும், அதையும் நினைவில் வையுங்கள்.

பின் பொருந்துகிறது என்பதற்காக எந்த வால்வையும் எதிலும் போட முடியாது. 12ஏஎக்ஸ்7க்கு ஐரோப்பியப் பெயர் இசிசி83, இரண்டும் ஒன்றேதான். 12ஏயு7 என்பது இசிசி82. இந்த இரண்டுக்கும் ஹீட்டர் ஒரே மாதிரி, ஆனால் முன்னதன் பெருக்கம் 100, பின்னதன் பெருக்கம் 20க்கும் கீழே. பெட்டி செய்தவர் அனுமதித்தால் மட்டும் மாற்றிப் பார்க்கலாம். 6டிஜே8 ஒன்பது பின்தான், பார்க்கவும் அதே மாதிரிதான். ஹீட்டர் இணைப்பு வேறு, ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் வால்வும் போகலாம், சிலவேளை டிரான்ஸ்ஃபார்மரும் போகலாம்.

இணைப்பது

எல்லாம் அணைந்திருக்க வேண்டும், பிளக்குகள் வெளியே, வால்யூம் பூஜ்யத்தில். முதலில் ஸ்பீக்கர் ஒயர்களைப் பவர் ஆம்ப்பில் முடித்துவிடுங்கள். பிறகு பவர் ஆம்ப்பின் இன்புட்டிலிருந்து ப்ரீஆம்ப்பின் அவுட்புட்டுக்கு ஆர்சிஏ கேபிள். சிவப்பு வலது, வெள்ளை அல்லது கறுப்பு இடது. கடைசியாக சிடி பிளேயரையோ டிஏசியையோ ப்ரீஆம்ப்பின் லைன் இன்புட்டில் மாட்டுங்கள். கேபிள் ஒரு மீட்டர் போதும், நீளமாக வாங்கிச் சுருட்டிவைக்காதீர்கள். ஆர்சிஏ கேபிளும் கரண்ட் ஒயரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடக்கூடாது, குறுக்கே கடந்தால் பரவாயில்லை. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கேபிள்களைக் கடைக்காரர் காட்டுவார். ஷீல்டு நன்றாக இருக்கும் சாதாரணக் கேபிள் போதும் என்பது என் கருத்து.

எல்பி ரெக்கார்டு கேட்பவர்களுக்கு ஒரு வேலை கூடுதல். ஊசி பொருத்திய மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் சுமார் 5 மில்லிவோல்ட்தான் தரும். அதை லைன் இன்புட்டில் கொடுத்தால் கொசு பாடுவதுபோல் கேட்கும். ப்ரீஆம்ப்பில் ‘ஃபோனோ’ என்ற இன்புட் இருக்க வேண்டும், அல்லது அந்தச் சிறு சிக்னலைப் பெருக்கும் தனி ஃபோனோ ஸ்டேஜ் வேண்டும். பிளேயருக்குள்ளேயே ஃபோனோ ஸ்டேஜ் இருந்து அதன் சுவிட்ச் ‘லைன்’ பக்கம் நின்றால், லைன் இன்புட்டில்தான் கொடுக்க வேண்டும். பிளேயரிலிருந்து தனியாகத் தொங்கும் மெல்லிய ஒயரை ப்ரீஆம்ப்பின் ‘ஜிஎன்டி’ திருகில் முடுக்குங்கள்.

எல்லாப் பிளக்குகளும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் போகட்டும். ஒன்று இந்தச் சுவரிலும் இன்னொன்று எதிர்ச் சுவரிலும் என்றால் எர்த் இரண்டு வழியில் சுற்றிவந்து முனகல் கிளம்பும்.

போடுவதும் அணைப்பதும்

முதலில் சிடி பிளேயர், அடுத்து ப்ரீஆம்ப். ஒரு நிமிடம் பொறுங்கள். வால்வில் ஆரஞ்சு நிறக் கங்கு தெரியும். சில வால்வுகள் போட்டவுடன் பளீரென்று மின்னி அடங்கும், அது பழுதல்ல. அதன் பிறகே பவர் ஆம்ப். அணைக்கும்போது தலைகீழ்: பவர் ஆம்ப் முதலில், அரை நிமிடம் கழித்து ப்ரீஆம்ப். ஏனென்றால் ப்ரீஆம்ப்பின் வெளிவாசல் கெபாசிட்டர் சார்ஜ் ஆகும்போதும் இறங்கும்போதும் ஒரு உதை கொடுக்கும். பவர் ஆம்ப் அப்போது விழித்திருந்தால் ஸ்பீக்கர் கோன் வெளியே துள்ளும். வீட்டில் எல்லாருக்கும் இந்த வரிசையைச் சொல்லி வைத்துவிடுங்கள். மெயின் சுவிட்சை ஒரேயடியாகத் தட்டிவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் எல்லா வீட்டிலும் இருப்பார்கள்.

முதல் இருபது நிமிடம் குரலை எடைபோடாதீர்கள், சூடு ஏறட்டும்.

முனகினால்

முதலில் கேபிள் டிவி ஒயரைச் சந்தேகப்படுங்கள். டிவியோ செட்டாப் பாக்ஸோ ஸ்டீரியோவோடு இணைந்திருந்தால், கம்பத்திலிருந்து வரும் கோஆக்ஸ் ஒயர் தன் பங்குக்கு வேறொரு எர்த்தைக் கொண்டுவரும். அதைத் திருகிக் கழற்றுங்கள். முனகல் சட்டென்று நின்றால் ஆள் அகப்பட்டாயிற்று. சிக்னல் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசொலேட்டர் ஒன்றை டிவிக்கும் ப்ரீஆம்ப்புக்கும் நடுவில் போடலாம், அல்லது டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிளில் டிஏசிக்குக் கொண்டுவரலாம். ஆப்டிகலில் கரண்ட் பாய வழியே இல்லை.

நிற்கவில்லை என்றால் ப்ரீஆம்ப்பின் இன்புட்டுகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வாருங்கள், ஒவ்வொரு முறையும் பவர் ஆம்ப்பை அணைத்துவிட்டு. எதை உருவியதும் நின்றதோ அங்கேதான் வம்பு. எல்லாம் உருவியபின்னும் முனகுகிறதா? ப்ரீஆம்ப்பையே பவர் ஆம்ப்பிலிருந்து கழற்றிப் பாருங்கள். அப்போது நின்றால் ப்ரீஆம்ப்பில், நிற்கவில்லையென்றால் பவர் ஆம்ப்பில். ஆழமான, உருண்டையான ‘ம்ம்ம்’ பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ், எர்த் சமாசாரம். ‘ஸ்ஸ்ர்ர்’ என்ற கரகரப்பு 100 ஹெர்ட்ஸ் என்றால் பவர் சப்ளை கெபாசிட்டர் வயதாகிவிட்டது என்று அர்த்தம், பழைய பெட்டிகளில் சாதாரணம்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் வந்து, “எர்த் பின்னை உடைச்சு விடுங்க, நின்னு போயிரும்” என்பார். நின்றும் போகும். ஆனால் உள்ளே 250, 300 வோல்ட் ஓடும் இரும்புப் பெட்டிக்கு எர்த் இல்லாமல் போய்விடும். குழந்தைகள் நடமாடும் வீட்டில் அதைச் செய்யாதீர்கள், எந்த வீட்டிலும் செய்யாதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் ‘உஷ்’ என்று இரைந்தால் இடது வலது வால்வுகளை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுங்கள், அணைத்து ஆறியபின். இரைச்சலும் பக்கம் மாறினால் வால்வுதான் குற்றவாளி. மாறாவிட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள். பென்சில் முனையால் வால்வை மெல்லத் தட்டும்போது ஸ்பீக்கரில் ‘டிங்’ என்று மணி அடித்தால் அந்த வால்வுக்கு அதிர்வு பிடித்துக்கொண்டது. லேசாக அடித்தால் விட்டுவிடலாம். வால்வின் உள்பக்கக் கண்ணாடியில் வெள்ளிப் பூச்சு இருக்கும். அது பால்வெள்ளையாகிவிட்டால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு முடிந்தது.

சிறு வால்வுகள் நன்றாக ஓட்டினால் 5,000 முதல் 10,000 மணி நேரம் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. தினமும் மூன்று மணி நேரம் கேட்பவருக்கு நாலரை வருடமாவது வரும். கேட்காத நேரத்தில் எரியவிடாதீர்கள். இடி மழைக்கு முன்னால், ஐப்பசியானாலும் சித்திரை வைகாசிக் கோடை மழையானாலும், கரண்ட் பிளக்கோடு கேபிள் டிவி ஒயரையும் சேர்த்தே உருவிவிட வேண்டும். ஃப்யூஸ் போனால் அதே ஆம்பியரில், அதே வகையில் புதிது போடுங்கள். இரண்டாவதும் உடனே போனால் மூன்றாவதைப் போடாதீர்கள். மூடியைத் திறக்கவும் வேண்டாம். பிளக்கை உருவியபின்னும் கெபாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் நின்றுகொண்டிருக்கும். அப்போதுதான் அந்த மைக் செட்காரரைக் கூப்பிட வேண்டும். போனில் சொல்லும்போது வால்வின் பெயர், ஃப்யூஸ் எத்தனை ஆம்பியர், பழுது வந்தபோது கரண்ட் வந்துபோனதா என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். பாதி வேலை மிச்சம்.